புதிரை வென்றவர், புதிராய் மறைந்தவர்

(மூன்றாமாண்டு இளங்கலைக் கணித மாணவன்)

மறைத்துப் பேசுவது மனிதனுக்குப் புதிதன்று. நன்னூலில் குழூஉக்குறி என்றொரு சொல்வழக்கைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். பொன்னைப் பறி என்று சொல்வது பொற்கொல்லர் வழக்கு. ஆடையைக் காரை என்று சொல்வது யானைப்பாகர் வழக்கு. அந்தக் கூட்டத்தாருக்கு விளங்கும், அடுத்தவர்க்கு விளங்காது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறோம். சிறு வயதில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ககரத்தைச் சேர்த்துப் பேசி, வீட்டுப் பெரியவர்களை ஏமாற்றிவிட்டோம் என்று மகிழாதவர் நம்மில் யார்?

விளையாட்டாய்த் தொடங்கும் இந்த மறைமொழி, போர்க்களத்தில் உயிர்களைக் காக்கும், உயிர்களைக் குடிக்கும் கருவியாகிவிடுகிறது. அப்படிப்பட்ட மறைமொழியைக் கணிதத்தின் துணைகொண்டு உடைத்த ஒரு பேராசிரியரைப் பற்றி எழுதவே இந்தப் பக்கங்களை எடுத்துக் கொள்கிறேன். அவர் பெயர் ஆலன் டூரிங். கணிப்பொறி படிக்கும் நண்பர்கள் இப்பெயரைப் பாடப்புத்தகத்தில் கண்டிருப்பார்கள். ஆனால் அவருடைய தாய் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

நானும் அறியாமல்தான் இருந்தேன். என் தாய்மாமா போத்தனூரில் இரயில்வே பணியில் இருக்கிறார். கோடை விடுமுறைதோறும் கோவைக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சந்திப்பு நிலையத்துக்குப் போவேன். நடைமேடையில் அமர்ந்து வண்டிகளை எண்ணுவது என் பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு நூலகத்தில் டூரிங்கின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டியபோது, அவருடைய தாயார் எத்தல் சாரா ஸ்டோனி 1881-ஆம் ஆண்டு போத்தனூரில் பிறந்தார் என்ற வரியைக் கண்டேன். திடுக்கிட்டுப் போனேன்! நான் வண்டி எண்ணிய ஊர் அல்லவா அது! அன்று முதல் அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பு வளர்ந்தது. முடிவில் வேதனையே மிஞ்சியது.

பிறப்பும் பிரிவும்

எத்தல் அம்மையாரின் தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். ஆற்றுப் பாலங்கள் கட்டியவர். ஓசை எழுப்பாத பங்காச் சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்தவர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ், இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். இருவரும் 1907-இல் மணம் செய்து கொண்டனர். மூத்த மகன் ஜான் 1908-இல் நம் குன்னூரில் பிறந்தான். பின்னர் ஜூலியஸ் அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், இன்றைய ஒடிசாவில் உள்ள சத்திரப்பூரில் பணியாற்றினார். அங்கிருந்து குடும்பம் விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது, 1912 சூன் 23-ஆம் நாள் இலண்டனில் ஆலன் பிறந்தார்.

வெள்ளை அதிகாரிகள் தம் பிள்ளைகளை இந்தியாவில் வளர்க்க அஞ்சிய காலம் அது. வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து, தாய்நாட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருவார்கள். அப்படியே ஜானும் ஆலனும் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு முன்னாள் படை அதிகாரியின் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் சென்னை மாகாணத்தில். பிள்ளைகள் ஏழு கடல் தாண்டி! ஆளவந்தவர்களும் ஒரு விலை கொடுத்துத்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் அவர்களுடைய குழந்தைகள்.

தனிமையில் வளர்ந்த ஆலனுக்கு எண்களே தோழர்கள் ஆயின. 1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்ட நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. பதினான்கு வயது கூட நிரம்பாத அந்தச் சிறுவன், துறைமுகத்தில் இறங்கி ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியில் கடந்து, வழியில் ஒரு விடுதியில் தங்கிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். நம்மில் சிலர் பேருந்து வரவில்லை என்பதற்காக வகுப்புக்கு விடுமுறை எடுப்பதை இங்கே நினைத்துப் பார்த்தேன். நானும் அந்தச் சிலரில் ஒருவன்தான்!

பள்ளியில் கிறிஸ்டோபர் மார்கம் என்ற நண்பன் கிடைத்தான். இருவரும் வானியலும் வேதியியலும் பேசிப் பேசி வளர்ந்தனர். ஆலன் அவன்மேல் கொண்ட அன்பு ஆழமானது. 1930 பிப்ரவரியில் அந்த நண்பன் காசநோயால் திடீரென இறந்தான். நண்பன் செய்ய வேண்டியிருந்த பணியையும் சேர்த்துத் தானே செய்ய வேண்டும் என்ற உறுதி அந்தத் துயரத்தில்தான் பிறந்தது. உள்ளம் என்பது உடலோடு அழியுமா, எந்திரத்தில் உள்ளம் இருக்க முடியுமா என்று பின்னாளில் அவர் எழுப்பிய கேள்விகளின் வேரும் இங்கேதான் இருக்கிறது என்பர் அவர் வரலாற்றை ஆய்ந்தோர்.

காகித நாடாவில் ஒரு கணிப்பொறி

1931-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். நம் இராமானுசன் 1914-இல் கால் வைத்த அதே கேம்பிரிட்ஜ். அவரை அழைத்த ஹார்டி அப்போது அங்கே பேராசிரியர். டூரிங் எழுதிய ஆய்வுரை நிகழ்தகவியலின் மைய எல்லைத் தேற்றம் பற்றியது. எழுதி முடித்த பிறகுதான், லிண்டபெர்க் என்பவர் 1922-இலேயே அதை நிறுவிவிட்டார் என்று தெரிந்தது. ஆனாலும் தாமாகவே கண்டடைந்த திறமையை மதித்து, 1935-இல், தம் 22-ஆம் வயதில், அவரைக் கல்லூரி ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். வேறொருவர் முன்பே கண்டதை மீண்டும் கண்டதற்காக அவரை யாரும் எள்ளி நகையாடவில்லை. ஆசிரியப் பெருமக்கள் இதை மனத்தில் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

அக்காலக் கணித உலகை ஆட்டி வைத்த கேள்வி ஒன்று உண்டு. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிறுவ முடியுமா முடியாதா என்று தவறாமல் சொல்லிவிடக் கூடிய ஒரு பொது வழிமுறை இருக்கிறதா? ஜெர்மானியப் பேரறிஞர் ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி இது. டூரிங் வேறொரு பக்கத்திலிருந்து புகுந்தார். வழிமுறை என்றால் என்ன? ஒரு மனிதன் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்குப் போடும்போது உண்மையில் என்ன செய்கிறான்? ஒரு குறியைப் பார்க்கிறான், ஒரு விதியை நினைக்கிறான், குறியை மாற்றுகிறான், அடுத்த இடத்துக்கு நகர்கிறான். அவ்வளவுதான்!

எனவே முடிவில்லாத ஒரு நாடாவையும், அதில் கட்டம் கட்டமாய் நகர்ந்து படிக்கவும் எழுதவும் வல்ல ஓர் எந்திரத்தையும் மனத்துக்குள் கட்டினார். பிறகு, எந்த எந்திரத்தின் விதிகளையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால் அதைப் போலவே இயங்கும் பொது எந்திரம் ஒன்றையும் கட்டினார். இத்தகைய எந்திரம் எதனாலும் விடை சொல்ல முடியாத கேள்விகள் உண்டு என்று நிறுவினார். ஹில்பர்ட்டின் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. 1936-இல் இக்கட்டுரையை எழுதியபோது அவருக்கு வயது 23. அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் என்பவர் வேறு வழியில் அதே முடிவை அடைந்திருந்தார். டூரிங் அவரிடமே பிரின்ஸ்டன் சென்று 1938-இல் முனைவர் பட்டம் பெற்றார். முடியாது என்று நிறுவப் புறப்பட்டவர், அந்த வழியிலேயே இன்றைய கணிப்பொறிக்கு வரைபடம் கொடுத்துவிட்டார். ஒரே எந்திரம் கணக்கும் போடுகிறது, பாட்டும் பாடுகிறது, கடிதமும் எழுதுகிறது என்றால், அது அந்தப் பொது எந்திரத்தின் பிள்ளையே.

எனிக்மா என்னும் புதிர்

பிரின்ஸ்டனில் தங்கிவிடும்படி வான் நாய்மன் அழைத்தும் அவர் நாடு திரும்பினார். போர்மேகங்கள் சூழ்ந்திருந்த நேரம். 1938 முதலே அரசின் மறைமொழிப் பள்ளியோடு தொடர்பு கொண்டிருந்தவர், போர் மூண்ட மறுநாள், 1939 செப்டம்பர் 4-ஆம் நாள், பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகையில் பணிக்கு வந்து சேர்ந்தார்.

எதிரியின் கையில் இருந்தது எனிக்மா என்ற எந்திரம். பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போன்றது. ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். அதே எழுத்தை மறுபடி தட்டினால் இன்னொரு விளக்கு எரியும். உள்ளே மூன்று சக்கரங்கள். தட்டுந்தோறும் அவை நகரும். ஐந்து சக்கரங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்த 60 வழிகள். அவற்றின் தொடக்க நிலைகள் 26-இன் மும்மடி, அதாவது 17,576. முன்பக்கத்தில் பத்து இணைக் கம்பிகளைச் செருக 150 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள். மூன்றையும் பெருக்கினால் 159-க்குப் பின்னால் 18 சுழி போட்ட எண்ணுக்கு அருகே வரும்! இந்த அமைப்பு நள்ளிரவுதோறும் மாறும். ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்க்க உலகத்து ஆயுள் போதாது.

இந்த இடத்தில் ஒரு செய்தியை மறைப்பது நன்றி கொன்றதாகும். எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்து நாட்டுக் கணித இளைஞர்கள் மூவர். ரெயெவ்ஸ்கி, ருசிட்ஸ்கி, சிகால்ஸ்கி என்பன அவர்கள் பெயர்கள். பிரெஞ்சு உளவுத்துறை விலை கொடுத்துப் பெற்ற சில தாள்களின் உதவியோடு, 1932-இன் இறுதியில் ரெயெவ்ஸ்கி எந்திரத்தின் உள்ளமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். 1939 சூலையில், தம் நாடு வீழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன், தாம் அறிந்ததையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தனர். பின்னர் பிரான்சுக்குத் தப்பி வந்து பணியைத் தொடர்ந்தனர். 1940 சனவரியில் டூரிங் அங்கே சென்று அவர்களைச் சந்தித்தார்.

எதிரி பின்னர் நடைமுறைகளை மாற்றியபோது போலந்து வழி பயன்படாமல் போகும் என்பதை உணர்ந்த டூரிங் வேறு வழி தேடினார். எனிக்மாவில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் தானாகவே மாறாது. அகரம் ஒருபோதும் அகரமாகாது. போர்ச் செய்திகளிலோ வழக்கமான சொற்கள் வந்து கொண்டே இருக்கும். காலைதோறும் வானிலை அறிக்கை உண்டு. வானிலை என்ற சொல் எங்கோ இருக்கிறது என்று கொண்டு, மறைமொழி வரியின் கீழே அதை நகர்த்திப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்ப்பட்டால் அந்த இடம் தவறு. நேர்ப்படாத இடமே ஆய்வுக்கு உரியது.

அதன் பிறகுதான் டூரிங்கின் மேதைமை வெளிப்படுகிறது. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறு எண் அன்று என்பதை எப்படி நிறுவுகிறோம்? விகிதமுறு எண் என்றே வைத்துக் கொண்டு, முரண்பாட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அதையேதான் அவரும் செய்தார். ஓர் அமைப்பு சரியென்று வைத்துக் கொள், அதிலிருந்து கிளைக்கும் முடிவுகளை மின்சாரத்தைக் கொண்டே ஓட விடு, முரண்பாடு எழுந்தால் தள்ளு, எழாவிட்டால் நிறுத்து. இப்படி இயங்கிய பாம்ப் என்ற எந்திரம் பெரிய அலமாரி போன்றது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. முதல் எந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. வெல்ச்மன் என்ற மற்றொரு கேம்பிரிட்ஜ் கணிதர் சொன்ன திருத்தம் அதன் விரைவைப் பன்மடங்காக்கியது. போர் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எந்திரங்கள் ஓடின. அவற்றை இராப்பகலாய் இயக்கியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள் என்பதை நம் மாணவியர் அறிதல் வேண்டும்.

அவருடைய தனிப்பொறுப்பு, யாரும் தொடத் தயங்கிய கடற்படை எனிக்மா. பிரிட்டனுக்கு உணவும் எரிபொருளும் ஏற்றி வந்த கப்பல்களை அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகள் வேட்டையாடிக் கொண்டிருந்தன. 1941-இல் எதிரிக் கப்பல்களிலிருந்து குறிப்பேடுகள் கைப்பற்றப்பட்டன. டூரிங் வகுத்த நிகழ்தகவு முறையும் கை கொடுத்தது. கப்பல் கூட்டங்கள் வழிமாறித் தப்பின. 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளுக்கு நான்காம் சக்கரம் சேர்க்கப்பட்டது. பத்து மாதங்கள் இருள் சூழ்ந்தது. 1942 அக்டோபரில், மூழ்கிக் கொண்டிருந்த நீர்மூழ்கி ஒன்றிலிருந்து குறிப்பேடுகளை எடுத்துக் கொடுத்த மாலுமிகளில் இருவர் கப்பலோடு மாண்டனர். அந்தப் புத்தகங்களே மீண்டும் வழி திறந்தன. கணிதம் வென்றது என்று எளிதாய்ச் சொல்கிறோம். அந்தக் கணக்கின் ஓரத்தில் இரண்டு உயிர்களும் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆள் பற்றாக்குறையால் பணி தடைப்பட்டபோது, டூரிங்கும் தோழர் மூவரும் 1941 அக்டோபரில் மேலதிகாரிகளைத் தாண்டிப் பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினர். அன்றே ஆவன செய்யும்படி அவர் ஆணையிட்டார். இத்தகைய பணிகள் போரை இரண்டு ஆண்டளவு குறைத்தன என்று மதிப்பிடும் வரலாற்று ஆசிரியர்கள் உண்டு.

மனிதர் எப்படி இருந்தார்? பூந்துகள் ஒவ்வாமைக்கு அஞ்சி, நச்சுப்புகை முகமூடி அணிந்து மிதிவண்டி ஓட்டுவார். தம் தேநீர்க் குவளை களவு போகாதிருக்க அதைச் சங்கிலியால் கட்டி வைப்பார். போரில் வங்கி முடங்கிவிடுமோ என்று வெள்ளிக் கட்டிகளைக் காட்டில் புதைத்தார். பிறகு எவ்வளவு தேடியும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரியின் இரகசியத்தைக் கண்டவருக்குத் தம் இரகசியம் அகப்படவில்லை! நெடுந்தொலைவு ஓட்டத்திலோ தேர்ந்தவர். 1947-இல் மாரத்தான் தொலைவை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தார்.

போருக்குப் பின்

1945-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, நினைவில் ஆணைகளைத் தேக்கி வைக்கும் மின்னணுக் கணிப்பொறிக்கு முழுத்திட்டம் வரைந்தார். நிருவாகத் தாமதத்தால் மனம் சலித்து, 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்துக்குப் போனார். 1950-இல், எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எடுத்துக் கொண்டு கட்டுரை ஒன்று எழுதினார். மறைவில் இருந்து விடை சொல்வது மனிதனா எந்திரமா என்று பிரித்தறிய முடியாவிட்டால், எந்திரம் சிந்திக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? செயற்கை அறிவைப் பற்றி இன்று வகுப்புக்கு வகுப்பு வாதாடுகிறோமே, அந்த வாதத்தின் தலைவாசல் அதுதான். 1951-இல் அரச கழக உறுப்பினரானார். சிறுத்தையின் தோலில் புள்ளி எப்படி விழுகிறது, ஒரே மாதிரியான உயிரணுக்களிலிருந்து வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ந்து 1952-இல் வெளியிட்ட கட்டுரை உயிரியலுக்கே புதுவழி காட்டியது.

ஆனால் போர்ப்பணியைப் பற்றி ஒரு சொல்லும் வெளியே பேசக்கூடாது. அரசுக்குக் கொடுத்த வாக்கு. பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை. உடன் பணியாற்றிய பேராசிரியர்களுக்கும் சொல்லவில்லை.

வீழ்ச்சி

1952 சனவரியில் அவர் வீட்டில் ஒரு திருட்டு நடந்தது. நேர்மையாய்க் காவல் நிலையத்தில் முறையிட்டார். விசாரணையில், தமக்கும் ஓர் இளைஞருக்கும் இருந்த உறவை மறைக்காமல் ஒப்புக் கொண்டார். டூரிங் ஆண்களையே விரும்பும் இயல்பு உடையவர். 1941-இல் உடன் பணியாற்றிய ஜோன் கிளார்க் என்ற கணித மங்கையோடு மண உறுதி நடந்தபோதும், இதை அவரிடம் சொல்லி, பிறகு தாமே விலகிக் கொண்டவர். முறையிட வந்தவரே குற்றவாளியானார்! 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வழக்கு நடந்தது. சிறைக்கு மாற்றாக, இயற்கை இச்சையை அழிக்கும் மருந்தை ஓராண்டு உடலில் ஏற்றிக் கொள்ள இசைந்தார். உடல் மாறியது. மறைமொழிப் பணிக்குரிய அனுமதி பறிக்கப்பட்டது. நாட்டின் பெரும் இரகசியத்தைக் காத்தவரை, இரகசியத்துக்கு உரியவர் அல்லர் என்று தள்ளிவிட்டனர்.

1954 சூன் 7-ஆம் நாள் அவர் இறந்தார். மறுநாள் வீட்டுப் பணிப்பெண் உடலைக் கண்டார். வயது 41. சயனைடு நஞ்சு; பக்கத்தில் பாதி கடித்த ஓர் ஆப்பிள். அந்த ஆப்பிளை யாரும் சோதிக்கவில்லை. தற்கொலை என்று தீர்ப்பளித்தனர். வீட்டில் இரசாயனச் சோதனை செய்து வந்தவன், கை கழுவாத கவனக்குறைவால் மாண்டான் என்று தாய் இறுதிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாயே 1959-இல் தம் மகனின் முதல் வரலாற்றை எழுதினார். மகன் போரில் செய்தது இன்னதென்று அறியாமலே எழுதினார்! பிளெட்ச்லி இரகசியம் 1974-இல்தான் உலகுக்குப் பரவலாய்த் தெரிந்தது. 1976-இல் அவரும் மறைந்தார்.

கோரிமேட்டில் ஓர் எண்ணம்

இதை எழுதும் நான் கோரிமேட்டில் குடியிருப்பவன். இன்று எங்கள் ஊரைச் சொன்னால் ஜிப்மர் மருத்துவமனையும் திண்டிவனம் சாலையும் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது எல்லை. 1954-இல் என் தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அப்பால் போக வேண்டும் என்று அவர் இன்றும் சொல்வார். டூரிங் மறைந்த அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவை பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது.

தாத்தா சொன்ன எல்லையை வைத்து நான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். 1860-ஆம் ஆண்டு வெள்ளையர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, டூரிங் போன்றவர்களைக் குற்றவாளி என்றது. பிரெஞ்சுச் சட்டமோ, வயது வந்த இருவர் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து 1791-லேயே நீக்கிவிட்டது. அப்படியானால், எங்கள் எல்லைக்கு வடக்கே நின்றால் ஒருவன் குற்றவாளி. நாலு அடி தெற்கே வந்தால் குற்றமற்றவன்! மனிதன் அதே மனிதன்தான். நம் நாட்டுச் சட்டங்கள் 1963-இல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டபோது அந்தப் பிரிவும் கூடவே வந்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் இசைவோடு கொள்ளும் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. நாலு அடியில் மாறிவிடுகிற குற்றம் எப்படி ஒரு மனிதனின் இயல்பில் இருக்க முடியும்?

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் என்னோடு ஒருவன் படித்தான். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடச் சிறந்தவன். அவன் நடையையும் பேச்சையும் வைத்து ஒரு பட்டப்பெயர் சூட்டினோம். நான் சூட்டவில்லை, ஆனால் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். ஒரு கணக்கு விளங்காதபோது மட்டும் தனியே போய் அவனிடம் கேட்டுக் கொள்வேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அவன் இப்போது என்ன படிக்கிறானோ, படிக்கிறானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. டூரிங்கின் திறமையைப் பயன்படுத்திக் கொண்டு, அவரைக் கைவிட்ட அந்த அரசை நான் திட்டிக் கொண்டே படித்தேன். புத்தகத்தை மூடியபோது, அதே காரியத்தைச் சிறிய அளவில் நானும் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பிந்திய நீதி

2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் நாட்டின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பரில் அரசியார் மன்னிப்பு வழங்கினார். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 2017-இல் அவரைப் போலத் தண்டிக்கப்பட்ட மற்றவர்களுக்கும் அது விரிந்தது. 2021-இல் அவர் பிறந்த நாளன்று, அவர் உருவம் பொறித்த 50 பவுன் தாள் வெளிவந்தது. கணிப்பொறித் துறையின் தலையாய விருது 1966 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. 1994-இல் அதைப் பெற்றவர்களுள் ஒருவர் ராஜ் ரெட்டி. நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்! தாய் பிறந்த மண்ணுக்கு மகனின் புகழில் ஒரு பங்கு அப்படி வந்து சேர்ந்தது.

இன்று எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் கைப்பேசியைக் காட்டிப் பத்து ரூபாய் கொடுக்கிறோம். அந்தப் பணம் திருடு போகாமல் காப்பது மறைமொழிக் கணிதமே. எண்கோட்பாடு சோறு போடுமா என்று கேட்கும் உறவினர்க்கு இதை நாம் தயங்காமல் சொல்லலாம்.

நண்பர்களே! ஆலன் டூரிங்கிடம் நாம் கற்க வேண்டியது கணிதம் மட்டுமன்று. அவரைத் தண்டித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். சட்டப்படி நடந்த சாதாரண மனிதர்கள். சுற்றியிருந்தவர்களும் நம்மைப் போல் சிரித்துவிட்டுப் போனவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இன்னும் இருபது ஆண்டு உயிரோடு இருந்திருந்தால் அவர் எதையெல்லாம் கண்டிருப்பார் என்று கணக்கிட எந்த எந்திரத்தாலும் இயலாது. நம் வகுப்பின் கடைசி இருக்கையில் தனியே அமர்ந்திருப்பவனிடம் இன்றே போய் ஒரு சொல் பேசுவோம். நான் பேச வேண்டியிருந்த அந்த நண்பன், எங்கிருந்தாலும், என்றாவது இந்த மலரைக் காண நேர்ந்தால், என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.